பணப்பாய்வு முன்கணிப்பு (கணக்கியல் மென்பொருள்)

பணப்பாய்வு முன்கணிப்பு என்பது ஒரு வணிக நிறுவனத்துக்கு வரவிருக்கும் வாரங்களில் அல்லது மாதங்களில் எந்த நாளில் எவ்வளவு பணம் வந்து சேரும், எந்த நாளில் எவ்வளவு பணம் வெளியேறும், இடையில் கையிலும் வங்கியிலும் எவ்வளவு இருப்பு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடும் முறை ஆகும். ரொக்க ஓட்டம் என்ற சொல்லும், இலங்கை வழக்கில் காசுப்பாய்ச்சல் என்ற சொல்லும் இதே பொருளில் பயன்படுகின்றன. தாளிலோ விரிதாளிலோ செய்யப்பட்டு வந்த இம்மதிப்பீட்டைத் தற்காலக் கணக்கியல் மென்பொருள்கள், தம்மிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளைக் கொண்டு பெருமளவு தாமாகவே உருவாக்குகின்றன. எனினும் அம்மென்பொருள் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும் முன்கணிப்பு நம்பத்தக்கதாக இருக்கும்.

பணப்பாய்வு அறிக்கையும் பணப்பாய்வு முன்கணிப்பும் வேறானவை. முன்னது முடிந்துபோன காலத்தில் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதைக் காட்டுவது. பன்னாட்டுக் கணக்கியல் தரம் 7, இந்தியாவின் கணக்கியல் தரம் 3 ஆகியன அதனை இயக்கம், முதலீடு, நிதியளிப்பு என மூன்றாகப் பகுக்கின்றன. பின்னது எதிர்காலம் பற்றியது. நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்காகச் செய்யப்படுவது. கடன் வழங்கும் வங்கிகளும், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என ஆராயும் தணிக்கையாளர்களும் இதனைக் கேட்பதுண்டு.

இலாபமும் பணமும்

இலாபம் ஈட்டும் நிறுவனம் பணமின்றி முடங்க முடியும் என்பதே இம்முறையின் தேவைக்கு அடிப்படை. திரள் கணக்கியல் முறையில் விற்பனைப் பட்டியல் (பில்) போட்ட நாளிலேயே விற்பனை வருவாயாகப் பதிவாகிறது. பணம் 30, 60 அல்லது 90 நாட்கள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதேபோல் தேய்மானம் இலாபத்தைக் குறைக்கிறது. ஆனால் பணம் எதுவும் வெளியேறுவதில்லை. கடனின் அசல் தவணை பணத்தைக் குறைக்கிறது. ஆனால் இலாப நட்டக் கணக்கில் இடம்பெறுவதில்லை. மூலப்பொருளை வாங்கிக் கிடங்கில் அடுக்கினால் பணம் குறையும். அது விற்கும்வரை இலாபம் மாறாது.

வேகமாக வளரும் நிறுவனங்களில் இவ்வேறுபாடு கூடுதலாக வெளிப்படும். கூடுதல் ஆணைகளை நிறைவேற்ற மூலப்பொருளும் கூலியும் முதலில் செலவாகின்றன. வாடிக்கையாளரின் பணம் பின்னரே வருகிறது. ஆகவே விற்பனை உயர உயரக் கையிருப்பு குறைவது அரிதான ஒன்றன்று.

இந்தியாவில் 2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியும் இந்த இடைவெளியைப் பாதிக்கிறது. பொருள் விற்பனையில் வரிப்பொறுப்பு பொதுவாக விற்பனைப் பட்டியலைச் சார்ந்தது. பணம் வந்து சேர்வதைச் சார்ந்ததன்று. எனவே மாதந்தோறும் விவரப்படிவம் அளிக்கும் விற்பனையாளர், வாங்கியவரிடமிருந்து பணம் வருமுன்னரே, அடுத்த மாதம் 20ஆம் நாளுக்குள் அவ்விற்பனைக்குரிய வரியைத் தம் கையிலிருந்து செலுத்த நேரிடுகிறது.

முறைகள்

முன்கணிப்பு இரண்டு முறைகளில் செய்யப்படுகிறது.

நேர்முறை: எதிர்பார்க்கப்படும் ஒவ்வொரு வரவையும் செலவையும் அதற்குரிய நாளில் வைத்துக் கூட்டிக் கழிப்பது. நிலுவையிலுள்ள பட்டியல்கள், கூலி, வாடகை, வரி, கடன் தவணை ஆகியன தனித்தனி வரிகளாக இடம்பெறும். சில நாட்கள் முதல் மூன்று மாதங்கள் வரையிலான குறுங்காலத்துக்கு இது ஏற்றது.

மறைமுக முறை: திட்டமிடப்பட்ட இலாபத்தில் தொடங்கி, தேய்மானத்தைக் கூட்டி, சரக்கிருப்பு, கடனாளிகள், கடனீந்தோர் ஆகியவற்றின் மாற்றங்களைச் சரிக்கட்டிப் பணத்தைக் கணிப்பது. ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கு இது பயன்படுகிறது.

கணக்கியல் மென்பொருளில் அமைக்கப்படுவது பெரும்பாலும் நேர்முறையே. 13 வாரங்கள், அதாவது ஒரு காலாண்டு, பரவலாகப் பின்பற்றப்படும் கால எல்லை ஆகும். வாரத்தை அலகாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மாத அலகில் மாதத் தொடக்கத்துச் செலவும் மாத இறுதி வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இடையில் நேரும் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியாது.

தரவு மூலங்கள்

முன்கணிப்புக்குத் தேவையான தரவுகளில் பெரும்பகுதி கணக்கியல் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும். உறுதித்தன்மை குறையும் வரிசையில் அவை வருமாறு:

1. ரொக்க ஏடு மற்றும் வங்கிக் கணக்குகளின் இன்றைய இருப்பு
2. கையில் உள்ளனவும் கொடுத்தனவுமான பின்தேதியிட்ட காசோலைகள்
3. நிலுவையிலுள்ள விற்பனைப் பட்டியல்களும் கொள்முதல் பட்டியல்களும்
4. கூலி, வாடகை, காப்பீடு, கடன் தவணை போன்ற திரும்பத் திரும்ப வரும் செலவுகள்
5. சட்டப்படி செலுத்த வேண்டிய வரிகளும் பங்களிப்புகளும்
6. இன்னும் பட்டியல் போடப்படாத விற்பனை ஆணைகளும் கொள்முதல் ஆணைகளும்
7. வரவு செலவுத் திட்டத்தில் உள்ள தொகைகள்
8. இயந்திரம் வாங்குதல், மானியம் பெறுதல் போன்று ஒருமுறை மட்டும் நிகழ்வன. இவை கையால் உள்ளிடப்படும்

அமைக்கும் படிநிலைகள்

மென்பொருளுக்கு மென்பொருள் பட்டிகளும் பெயர்களும் வேறுபட்டாலும், செய்ய வேண்டிய பணிகள் ஏறத்தாழ ஒன்றே.

தொடக்க இருப்பைச் சரிபார்த்தல்

முன்கணிப்பின் முதல் எண் வங்கி இருப்பு. அது தவறானால் அதன்மேல் எழும் அனைத்தும் தவறாகும். எனவே முதற்பணி, வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை அன்றைய நாள்வரை முடிப்பது. கொடுத்தும் இன்னும் வங்கியில் முன்வைக்கப்படாத காசோலைகள், வங்கி பற்று வைத்தும் ஏட்டில் ஏறாத கட்டணங்கள், யாருடையது எனத் தெரியாமல் இடைக்காலக் கணக்கில் கிடக்கும் வரவுகள் ஆகியன இந்நிலையில் தீர்க்கப்பட வேண்டும்.

வங்கியில் ரொக்கக் கடன் (சி.சி.) அல்லது மேல்வரைப்பற்று (ஓ.டி.) வசதி பெற்ற நிறுவனங்களில் இருப்பு எப்போதும் எதிர்மறையாகவே இருக்கலாம். அங்கு கணிக்க வேண்டியது, எடுக்கத்தக்க வரம்பில் இன்னும் எவ்வளவு மீதம் உள்ளது என்பதையே. ஒப்புதல் பெற்ற வரம்பு முழுவதையும் எப்போதும் எடுத்துவிட இயலாது. சரக்கிருப்பு, வரவேண்டிய கடன் ஆகியவற்றின் அடிப்படையில் வங்கி கணக்கிடும் எடுப்பு வரம்பே செல்லும். குறிப்பிட்ட நாட்களுக்கு, வழக்கமாக 90 நாட்களுக்கு, மேல் நிலுவையில் உள்ள கடன்களை வங்கிகள் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே வாடிக்கையாளர் ஒருவர் தாமதித்தால் வரவு தள்ளிப்போவதோடு, கடன் வரம்பும் சுருங்கக்கூடும்.

தவணைக்காலங்களை உள்ளிடுதல்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வழங்குநருக்கும் பேரேட்டுக் கணக்கில் கடன் தவணைக்காலம் உள்ளிடப்பட வேண்டும். இதன் அடிப்படையிலேயே மென்பொருள் ஒவ்வொரு பட்டியலின் செலுத்து நாளையும் கணக்கிடுகிறது. தவணைக்காலம் வெறுமையாக விடப்பட்டால், பட்டியல் நாளையே செலுத்து நாளாகக் கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. அப்போது வரவேண்டிய தொகை முழுவதும் முதல் வாரத்திலேயே வந்துவிடுவதுபோல் தோன்றும்.

பட்டியல்வாரிக் கணக்கு

பெறும் பணம் எந்தப் பட்டியலுக்கு உரியது என ஒவ்வொரு முறையும் பொருத்தப்பட வேண்டும். பல நிறுவனங்களில் வரவுகள் மொத்தக் கணக்கில் மட்டும் வரவு வைக்கப்படுகின்றன. மொத்த நிலுவை சரியாக இருக்கும். ஆனால் பழைய பட்டியல்கள் தீராமலும் பொருத்தப்படாத வரவுகள் தனியாகவும் நிற்கும். இந்நிலையில் மென்பொருள் ஏற்கெனவே வந்த பணத்தை மீண்டும் வரப்போவதாகக் காட்டும். முன்கணிப்பைத் தொடங்குமுன் நிலுவைகளைக் காலவாரியாகப் பகுத்துப் பார்த்து, தீர்ந்தவற்றைப் பொருத்தி, வாராக் கடன்களை நீக்குவது இன்றியமையாதது.

உண்மையான தாமதத்தைச் சேர்த்தல்

ஒப்பந்தத்தில் 45 நாட்கள் என்று இருந்தாலும் வாடிக்கையாளர் வழக்கமாக 60 நாட்களில் செலுத்துபவராக இருக்கலாம். கடந்த ஓராண்டின் பட்டியல் நாளையும் பணம் வந்த நாளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு முதன்மை வாடிக்கையாளருக்கும் சராசரித் தாமதத்தைக் கணக்கிட்டு, முன்கணிப்புக்கு அந்த நாளையே பயன்படுத்துவது முறை. சில மென்பொருள்களில் ஒப்பந்தத் தவணைக்காலத்தை மாற்றாமல், முன்கணிப்புக்கெனத் தனித் தவணைக்காலம் உள்ளிடும் வசதி உண்டு. அவ்வசதி இல்லாத இடங்களில் எதிர்பார்க்கும் நாளைக் கையால் மாற்ற வேண்டும். பேரேட்டில் உள்ள உண்மையான தவணைக்காலத்தையே நீட்டிவிடுவது தவறான வழி. அவ்வாறு செய்தால் நினைவூட்டுக் கடிதங்களும் வட்டிக் கணக்கும் பிழைபடும்.

திரும்பத் திரும்ப வரும் பதிவுகள்

கூலி, வாடகை, கடன் தவணை போன்றவற்றுக்குத் தொகை, தொடங்கும் நாள், இடைவெளி ஆகியவற்றைக் குறித்து முன்திட்டப் பதிவுகள் உருவாக்கப்படுகின்றன. ஆண்டுக்கொருமுறை வருவனவே பெரும்பாலும் விடுபடுகின்றன. காப்பீட்டுக் கட்டணம், உரிமப் புதுப்பிப்பு, தீபாவளி போனஸ் ஆகியன அத்தகையவை.

இரட்டைக் கணக்கைத் தவிர்த்தல்

ஒரே விற்பனை, ஆணையாகவும் பட்டியலாகவும் வரவு செலவுத் திட்டத் தொகையாகவும் மூன்று இடங்களில் இருக்கலாம். மூன்றையும் கூட்டினால் வரவு மும்மடங்காகத் தோன்றும். ஆணையில் பட்டியல் போடப்படாத மீதி மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்பதையும், திட்டத் தொகைகள் பட்டியல்களோ ஆணைகளோ இல்லாத வகைகளுக்கு மட்டும் பயன்படுத்தப்படுகின்றனவா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

குறைந்தபட்ச இருப்பை வரையறுத்தல்

இருப்பு சுழியத்தைத் தொடுவதை எச்சரிக்கை எல்லையாகக் கொள்வது காலம் கடந்த எச்சரிக்கை ஆகும். ஒரு வாரக் கூலி அல்லது ஒரு மாத நிலைச்செலவு போன்ற ஒரு தொகையை அடித்தளமாக வைத்து, இருப்பு அதற்குக் கீழே செல்லும் முதல் வாரத்தைக் கண்டறிவதே நடைமுறையில் பயன் தரும்.

சட்டப்படியான செலுத்து நாட்கள்

இந்தியாவில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் முன்கணிப்பில் இடம்பெற வேண்டிய முதன்மையான நாட்கள் பின்வருமாறு. அரசு அறிவிப்பால் கால நீட்டிப்பு வழங்கப்படுவதும் உண்டு.

| செலுத்துகை | நாள் |
|---|---|
| மூலத்தில் கழித்த வருமான வரி | அடுத்த மாதம் 7ஆம் நாள். மார்ச்சு மாதத்துக்கு ஏப்ரல் 30 |
| தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, மாநிலக் காப்பீடு | அடுத்த மாதம் 15ஆம் நாள் |
| சரக்கு மற்றும் சேவை வரி (மாதாந்திரம்) | அடுத்த மாதம் 20ஆம் நாள் |
| சரக்கு மற்றும் சேவை வரி (காலாண்டுத் திட்டத்தின் முதல் இரு மாதங்கள்) | அடுத்த மாதம் 25ஆம் நாள் |
| முன்கூட்டிய வருமான வரி | சூன் 15, செப்டம்பர் 15, திசம்பர் 15, மார்ச்சு 15 |

முன்கூட்டிய வருமான வரி, ஆண்டு முழுமைக்குமான வரியில் முறையே 15%, 45%, 75%, 100% எட்டும்படி செலுத்தப்படுகிறது. ஆண்டு விற்றுமுதல் ரூ. 5 கோடிக்கு மிகாதவர்கள் காலாண்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2021 சனவரி முதல் உள்ளது.

கொள்முதல் பக்கத்திலும் சட்ட எல்லைகள் உள்ளன. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். நிதிச் சட்டம் 2023 கொண்டுவந்த திருத்தத்தின்படி, இவ்வெல்லையைக் கடந்த தொகையைப் பணம் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். மேலும், வழங்குநருக்கு 180 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடில், அக்கொள்முதலில் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். ஆகவே "செலுத்துவதைத் தள்ளிப்போடுவது" எல்லா வழங்குநரிடத்தும் ஒரே விளைவைத் தருவதன்று. வழங்குநர் கணக்கில் அவர் எந்த வகை நிறுவனம் என்பதையும் குறித்துவைப்பது முன்கணிப்புக்கு உதவும்.

எடுத்துக்காட்டு

திருப்பூரில் வாரக்கூலி முறையில் இயங்கும் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். தொடக்க இருப்பு ரூ. 3,20,000. முதல் வாரம் மாதத்தின் 1ஆம் நாளில் தொடங்குகிறது. கீழுள்ள தொகைகள் ஆயிரம் ரூபாயில் தரப்பட்டுள்ளன.

| வாரம் | தொடக்கம் | வரவு | செலவு | செலவின் விவரம் | இறுதி இருப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 320 | 250 | 330 | கூலி 110, நூல் 200, பிற 20 | 240 |
| 2 | 240 | 180 | 230 | கூலி 110, சாயக்கூலி 90, மின்கட்டணம் 30 | 190 |
| 3 | 190 | 150 | 290 | கூலி 110, சரக்கு சேவை வரி 100, வைப்பு நிதியும் காப்பீடும் 30, வாடகை 50 | 50 |
| 4 | 50 | 120 | 335 | கூலி 110, நூல் 180, கடன் தவணை 45 | −165 |
| 5 | −165 | 600 | 130 | கூலி 110, பிற 20 | 305 |
| 6 | 305 | 200 | 200 | கூலி 110, சாயக்கூலி 90 | 305 |

ஆறு வாரங்களின் மொத்த வரவு 1,500. மொத்தச் செலவு 1,515. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் 320 என்பது 305 ஆகிறது, கவலைக்கு இடமில்லை. ஆனால் நான்காம் வாரத்தில் 165 குறைகிறது. அவ்வார இறுதியில் கூலி கொடுக்கப் பணம் இராது.

இதற்குக் காரணம் ஐந்தாம் வாரத்தில் வரவேண்டிய 600. அது முந்தைய மாதம் 17ஆம் நாள் 45 நாள் தவணையில் போடப்பட்ட ஒரே பட்டியல். முந்தைய மாதத்துக்கு 30 நாட்கள் எனக் கொண்டால், அதன் செலுத்து நாள் ஐந்தாம் வாரத்தில் விழுகிறது. அப்பட்டியலுக்குரிய வரியோ மூன்றாம் வாரத்திலேயே, 20ஆம் நாளில், 100க்குள் அடங்கிக் கட்டப்பட்டுவிடுகிறது.

இனி, அவ்வாடிக்கையாளர் வழக்கமாக இரண்டு வாரம் தாமதிப்பவர் எனப் பழைய பதிவுகள் காட்டுவதாகக் கொண்டால், 600 ஏழாம் வாரத்துக்கு நகர்கிறது. அப்போது ஐந்தாம் வார இறுதியில் இருப்பு −295 ஆகிறது. ஆறாம் வாரத்திலும் அதே நிலை நீடிக்கிறது. ஒரு வாரக் கூலியான 110ஐக் குறைந்தபட்ச இருப்பாக வைத்தால், நிறுவனம் தேட வேண்டிய தொகை முதல் நிலையில் 275, தாமத நிலையில் 405.

நூல் வழங்குநருக்கான 180ஐ ஒரு வாரம் தள்ளிவைத்தால் நான்காம் வார இருப்பு −165இலிருந்து 15 ஆக உயர்கிறது. வாடிக்கையாளர் உரிய நாளில் செலுத்தினால் இதுவே சுழியத்துக்குக் கீழே செல்லாமல் காக்கும். தாமதித்தால் ஐந்தாம் வாரத்தில் மீண்டும் −295க்கே திரும்பும். எனவே தள்ளிவைத்தல் மட்டும் தீர்வாகாது. மேல்வரைப்பற்று பெறுதல், வாடிக்கையாளரிடம் ஒரு பகுதியை முன்னதாகக் கேட்டல், பட்டியலைத் தள்ளுபடி செய்து பணமாக்குதல் ஆகியவற்றுள் ஒன்று தேவைப்படும்.

பட்டியல் தள்ளுபடிக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி உருவான "டிரெட்ஸ்" மின்னணுத் தளங்கள் உள்ளன. வாங்கிய நிறுவனம் அத்தளத்தில் இணைந்து பட்டியலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் அதற்கும் நாட்கள் பிடிக்கும். முதல் வாரத்திலேயே பற்றாக்குறை தெரிந்தால் இவ்வழிகள் யாவும் திறந்திருக்கும். நான்காம் வாரத்தில் தெரிந்தால் கடைசி நேரக் கைமாற்றுக் கடனைத் தவிர வேறு வழி இருப்பது அரிது.

மாற்று நிலைகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டு காட்டுவதுபோல், ஒற்றை எண்ணாக அமையும் முன்கணிப்பு போதுமானதன்று. குறைந்தது மூன்று நிலைகள் வைக்கப்படுகின்றன: எதிர்பார்க்கும் நிலை, தாமத நிலை, மிகப் பெரிய வாடிக்கையாளர் செலுத்தாமலே போகும் நிலை. மென்பொருளில் இவை உண்மைக் கணக்கைத் தொடாமல் தற்காலிகப் பதிவுகளாக வைக்கப்பட வேண்டும். ஊகப் பதிவுகள் பேரேட்டில் கலந்துவிட்டால் இருப்பாய்வும் வரி விவரப்படிவங்களும் பிழைபடும்.

மென்பொருள்களில் வசதிகள்

டாலி

பெங்களூரில் 1986இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் உருவாக்கமான டாலி, இந்தியச் சிறு வணிகங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் கணக்கியல் மென்பொருள். டாலி.ஈஆர்பி 9 பதிப்பு 2009இலும், டாலிபிரைம் 2020இலும் வெளிவந்தன. இதில் பேரேட்டுக் கணக்கில் பட்டியல்வாரி விவரத்தை இயக்கி, இயல்பான கடன் தவணைக்காலத்தை நாட்களில் உள்ளிடலாம். பின்தேதியிட்ட சான்றுச் சீட்டுகள் அந்நாள் வரும்வரை கணக்கைப் பாதிப்பதில்லை.

விருப்பச் சீட்டு, நினைவுக் குறிப்புச் சீட்டு, திருப்பு நடப்பேட்டுச் சீட்டு ஆகிய மூவகைத் தற்காலிகப் பதிவுகள் டாலியில் உள்ளன. "சினாரியோ" எனப்படும் வசதியின் மூலம் இவற்றை அறிக்கையில் சேர்த்தும் நீக்கியும் பார்க்கலாம். உண்மைக் கணக்கைக் கெடுக்காமல் மாற்று நிலைகளை ஆராய இதுவே வழி. பணப்பாய்வு எதிர்நோக்கு அறிக்கையும் தனியே உள்ளது. பட்டியல்வாரி விவரம் முறையாக ஏற்றப்படாத கணக்குகளில் அவ்வறிக்கை பயன் தராது.

குனூகேஷ்

1998இல் முதல் பதிப்பு வெளிவந்த குனூகேஷ், குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வழங்கப்படும் கட்டற்ற மென்பொருள். இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. இதில் முன்திட்டப் பதிவுகளை உருவாக்கி, அவை எத்தனை நாட்களுக்கு முன்பே பேரேட்டில் ஏற வேண்டும் எனக் குறிக்கலாம். எதிர்கால நாளிட்ட பதிவுகள் உள்ள கணக்கின் கீழ்ப்பட்டையில் இன்றைய இருப்பு, எதிர்கால இருப்பு, எதிர்காலத்தில் எட்டக்கூடிய மிகக் குறைந்த இருப்பு ஆகியன காட்டப்படும். பற்றாக்குறையைக் கண்டறிய மூன்றாவது எண்ணே பயன்படுகிறது. நிலுவைப் பட்டியல்களின் செலுத்து நாட்களை வங்கி இருப்போடு தானாக இணைக்கும் அறிக்கை இதில் இல்லாததால், அவற்றைத் தனியே விரிதாளில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசாப்ட் பிசினஸ் சென்ட்ரல்

2018இல் வெளியிடப்பட்ட டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரல் மென்பொருளில் பணப்பாய்வு முன்கணிப்பு ஒரு தனிக்கூறாக உள்ளது. பொதுப் பேரேட்டுக் கணக்குகளிலிருந்து வேறான பணப்பாய்வுக் கணக்குகளின் பட்டியல் ஒன்று அமைக்கப்படுகிறது. நிலுவைகள், ஆணைகள், நிலைச்சொத்துகள், வரி, வரவு செலவுத் திட்டம், கையால் உள்ளிடும் வரவு செலவுகள் ஆகிய ஒவ்வொரு மூலமும் அவற்றுள் ஒன்றுடன் இணைக்கப்படுகிறது. பின்னர் ஒரு பணித்தாளில் மென்பொருள் வரிகளை முன்மொழியும். பயனர் திருத்திப் பதிவுசெய்வார். முன்கணிப்புக்கெனத் தனித் தவணைக்காலம் உள்ளிடும் வசதியும் இதில் உண்டு. விரும்பினால், பழைய தரவுகளைக் கொண்டு எந்திரக் கற்றல் முறையில் கணிக்கும் சேவையையும் இணைக்கலாம்.

பிற

இன்டுயிட் நிறுவனத்தின் குவிக்புக்ஸ், நியூசிலாந்தில் 2006இல் தொடங்கப்பட்ட சீரோ ஆகியன இணையவழி இயங்கும் மென்பொருள்கள். வங்கிப் பதிவுகள் இவற்றில் தானாக வந்து சேர்வதால் தொடக்க இருப்பு புதியதாக இருக்கும். இவை யாவும் இல்லாத இடத்தில், நிலுவைப் பட்டியலை ஏற்றுமதி செய்து, லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாளில் வாரவாரியாக நிபந்தனைக் கூட்டல் செய்து அதே பயனைப் பெறலாம்.

சரிபார்ப்பும் புதுப்பித்தலும்

முன்கணிப்பு ஒருமுறை செய்து வைக்கத்தக்கதன்று. வாரந்தோறும் முடிந்த வாரத்தை நீக்கி, இறுதியில் ஒரு புதிய வாரம் சேர்க்கப்படுகிறது. முடிந்த வாரத்தின் கணிப்பும் உண்மையும் வரிவாரியாக ஒப்பிடப்படுகின்றன.

வேறுபாடுகள் இருவகைப்படும். கால வேறுபாட்டில் பணம் நாள் மாறி வரும்; தொகை மாறாது. தொகை வேறுபாட்டில் எதிர்பார்த்த தொகையே மாறிவிடும். முன்னது அடுத்த வாரங்களில் தானே சரியாகும்; பின்னது சரியாகாது. இவற்றைப் பிரிக்காமல் மொத்த வேறுபாட்டை மட்டும் பார்த்தால், ஒரு வரவின் இழப்பை மற்றொன்றின் முந்திய வரவு மறைத்துவிடக்கூடும். ஒரே வாடிக்கையாளரின் வரியில் தொடர்ந்து வேறுபாடு வந்தால் அவருக்கான சராசரித் தாமதம் திருத்தப்பட வேண்டும்.

வரம்புகள்

முன்கணிப்பு, உள்ளிடப்பட்ட பதிவுகளுக்கு அப்பால் எதையும் அறியாது. கொள்முதல் பட்டியல்களை மாத இறுதியில் மொத்தமாகப் பதிவுசெய்யும் நிறுவனத்தில், மாத நடுவில் எடுக்கப்படும் முன்கணிப்பு எப்போதும் உண்மையைவிட நம்பிக்கையூட்டுவதாகவே இருக்கும். நாள்தோறும் பதிவு செய்யும் பழக்கமே இதற்குத் தீர்வு.

கால எல்லை நீள நீள உறுதி குறைகிறது. முதல் நான்கு வாரங்களின் எண்கள் பெரும்பாலும் உள்ள பட்டியல்களிலிருந்து வருபவை. பத்தாம் வாரத்து எண்கள் பெரும்பாலும் ஊகங்கள். பழைய தரவுகளிலிருந்து போக்கைக் கணிக்கும் தானியங்கி முறைகளுக்குப் போதிய ஆண்டுகளின் பதிவுகள் தேவை. வாடிக்கையாளர் ஒருவர் தொழிலை மூடுவது, ஏற்றுமதி ஆணை நீக்கப்படுவது போன்ற திடீர் நிகழ்வுகளை அவை முன்னறிவதில்லை. அத்தகைய செய்திகள் விற்பனைப் பிரிவினருக்கே முதலில் தெரியவரும். எனவே கணக்குப் பிரிவு தனித்து உருவாக்கும் முன்கணிப்பைவிட, விற்பனை, கொள்முதல் பிரிவினருடன் வாரந்தோறும் கலந்து திருத்தப்படும் முன்கணிப்பு கூடுதல் துல்லியம் உடையதாக அமைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- பணப்பாய்வு அறிக்கை
- நடைமுறை மூலதனம்
- இருப்புநிலைக் குறிப்பு
- வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்
- சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
- கட்டற்ற மென்பொருள்